கால்நடை மருத்துவர் பதில்கள்: மருந்து கலந்த பாலும் மௌனமும்

கேள்வி: தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டு அனுப்பும் மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதை எங்கள் மருத்துவர் சொல்வதில்லை. நான் சொல்லப் போனால், "அடுத்த தடவை வேறு ஆளிடம் போய்விடுவார்கள்" என்று தடுக்கிறார். சென்ற வாரம், ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா, "சாயந்திரம் சொசைட்டிக்குப் பால் ஊத்தலாமா பாப்பா?" என்று கேட்டார். "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிரவு உறக்கமில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: "இன்று ஊற்றாதீர்கள், எத்தனை நாள் என்று கேட்டுச் சொல்கிறேன்" என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாலைக் குடிக்கப்போகிற குழந்தைக்கு உங்கள் மருத்துவமனையில் நடந்தது எதுவும் தெரியாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தீங்காகலாம், கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதற்கும் அது வழி செய்யும், காய்ச்சினாலும் மருந்தின் எச்சம் முழுவதும் போகாது. ஊசி போட்ட மாட்டின் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் நீர்த்துக் கிடப்பதை நம் வீட்டுப் பெண்கள் பார்த்திருப்பார்கள். உறையில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அந்த மருந்து தடுத்துவிடுவதே காரணம். ஒரு காம்பில் மட்டும் ட்யூப் ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் மூன்று காம்புப் பாலை ஊற்றிவிடுகிறார்கள்.

நாள் கணக்கை மட்டும் நினைவிலிருந்து சொல்லாதீர்கள். அது மருந்துக்கு மருந்து மாறும், மருந்தின் அட்டையில் அச்சிட்டிருக்கும். அட்டையில் உள்ளதைவிட அதிக அளவு போட்டிருந்தால் அந்தக் கணக்கும் போதாது, மருத்துவர்தான் நீட்டித்துச் சொல்ல வேண்டும். ஆகவே மாட்டுக்காரர் எதிரே வாதிடாமல், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மருத்துவரிடம் தனியே பேசி, மருந்துச் சீட்டிலேயே "பால் விற்கக் கூடாத நாள்" என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பால் திருப்பி அனுப்பப்பட்டால் முதலில் கெடுவது மருத்துவமனையின் பெயர்தான் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், கேட்பவருக்கு அட்டையைக் காட்டிப் படித்துச் சொல்வது உங்கள் உரிமை. அது வைத்தியம் பார்ப்பது ஆகாது.

அந்த அம்மாவின் வருமானம் சில நாள் நின்றுபோகும் என்பது எனக்கும் வலிக்கிறது. அதனால்தான் ஊசி போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்கிறேன். முன்பே தெரிந்தால், பாலை ஒதுக்கும் நாள் குறைவான மருந்து உண்டா என்று அவர் கேட்கவாவது முடியும். அவரை மறுபடி கண்டால் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நானும் கால்நடை மருத்துவமனை உதவியாளர்தான். மருத்துவர் இல்லாத நேரத்தில் மாட்டுக்காரர்கள் வந்து, "நீங்களே ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். மறுப்பது பாவமில்லையா?
(வாசகர், அணைக்கட்டு)

பதில்: பாவமில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுதல் போன்ற சிறு உதவிகளைக்கூட, சான்றிதழ் பெற்று அரசு அனுமதித்தவர்கள்தான், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். ஆனால் வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து மாட்டுக்காரரையே பேச வையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை நீங்களே அழைத்து, மாடு நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.