கப்பல் கரைக்கு வராத துறைமுகம்

கேள்வி: எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் பெரிய கப்பல்கள் வந்ததாகச் சொல்கிறார்கள். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறதே, அவை எப்படி உள்ளே நுழைந்தன? கோட்டையைத் தவிர நம் கடல் மரபென்று சொல்ல என்ன இருக்கிறது? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: அவை உள்ளே நுழையவே இல்லை. 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோதும் (பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையிலான ஊர்களும் அந்த விலையில் அடக்கம், ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் வந்த கதை அதுதான்), 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாகி அக்கோட்டையே இக்கரையில் கம்பெனியின் தலைமையிடமானபோதும், பெரிய கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டே நின்றன. ஒதுங்க இடமில்லாத அந்த நிலையின் ஆபத்தை 1749 ஏப்ரல் புயல் காட்டியது. கோட்டைக்கு அருகே ‘நமூர்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் உடைந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்தவை, ஆங்கிலேயர் மசூலா என்றும் புதுச்சேரிப் பக்கத்தார் சலங்கு என்றும் சொன்ன படகுகள். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்து, இடைவெளிகளை அடைத்துக் கட்டப்பட்ட இவை, அலை தூக்கி மணலில் போட்டாலும் உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அதே அடியில் பிளந்துவிடும். ஆகையால் கடலில் எத்தனை பீரங்கிகள் நின்றாலும், கரையேற வேண்டுமென்றால் அலையின் கணக்கறிந்த நம் படகோட்டிகளின் தயவு வேண்டியிருந்தது. நம் வரலாற்று நூல்கள் கோட்டைக்குத் தரும் பக்கங்களில் பாதியையாவது இந்தப் படகுக்குத் தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே, கோட்டையைத் தவிர என்ன என்று கேட்பதைவிட, கோட்டைக்கு உயிர் கொடுத்தது எது என்று கேட்கலாம். மரங்களைக் கயிற்றால் பிணைத்த நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்கே ஒரு சொல்லைத் தந்தது. ஆனால் இரட்டை உடல் கொண்ட வேறொரு படகுக்கு அவர்கள் அப்பெயரைச் சூட்டிக்கொண்டது தனிக்கதை. இன்று கண்ணாடியிழைப் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் வாடைக்காற்றையும் கொண்டலையும் எப்படிப் பிரித்தறிவார்கள், முகத்துவாரத்தில் எந்த அலைக்குப் பின் படகைச் செலுத்துவார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.