விளவங்கோடு தொகுதியில் திமுகவோ அதிமுகவோ ஏன் ஜெயிப்பதில்லை? அதன் தேர்தல் வரலாற்றைச் சரியாகப் படிப்பது எப்படி?

கேள்வியின் முதல் பாதி உண்மைதான். 1967 முதல் 2024 இடைத்தேர்தல் வரை கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோட்டில் உதயசூரியனும் ஜெயிக்கவில்லை, இரட்டை இலையும் ஜெயிக்கவில்லை. காங்கிரஸ், ஸ்தாபன காங்கிரஸ் (காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் நின்ற பிரிவு), மார்க்சிஸ்ட் ஆகிய மூன்று பெயர்கள்தான் வெற்றிப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்த இரு கட்சிகளுக்கும் இங்கே வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல தேர்தல்களில் யார் ஜெயிப்பது என்பதை அவர்களின் கூட்டணிப் பங்கீடுதான் தீர்மானித்திருக்கிறது.

முதலில் பட்டியல். 1967, 1971 இரண்டிலும் பொன்னப்ப நாடார். 1977இல் ஞானசிகாமணி, 1980இல் மணி, இருவரும் மார்க்சிஸ்ட். 1984, 1989, 1991 மூன்றிலும் காங்கிரஸின் சுந்தரதாஸ். 1996, 2001இல் மறுபடி மணி, 2006இல் ஜான் ஜோசப், இருவரும் மார்க்சிஸ்ட். 2011, 2016, 2021இல் காங்கிரஸின் விஜயதரணி. 2024 பிப்ரவரியில் அவர் பதவி விலகி பாஜகவில் சேர்ந்ததால் ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு இடைத்தேர்தலும் நடந்தது. அதில் காங்கிரஸின் தாரகை கத்பர்ட்.

இந்தப் பட்டியலில் வழக்கமாக மூன்று பிழைகள் நுழைந்துவிடும். 1971க்கு நேரே வெறுமனே 'காங்கிரஸ்' என்று எழுதுவது முதலாவது. பொன்னப்ப நாடார் அப்போது காமராஜர் பக்கமிருந்த ஸ்தாபன காங்கிரஸ். இந்திரா காங்கிரஸ் அந்த ஆண்டு தமிழக சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. அடுத்தது பெயர். தேர்தல் ஆணைய அறிக்கைகளில் 'மணி' என்பது ஆங்கில எழுத்தில் 'மோனி' என்று வரும். குமரி மாவட்டத் தலைவர் நேசமணியின் பெயர் நேசமோனி ஆனதும் இதே திருவிதாங்கூர் எழுத்து வழக்கால்தான். மணி, மோனி என்று இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடாதீர்கள்.

மூன்றாவது 1956. அந்த ஆண்டு நவம்பர் 1க்கு முன்பு விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. எனவே 1952, 1954 முடிவுகளைச் சென்னை மாநில அறிக்கையில் தேடினால் கிடைக்காது. அங்கே போட்டியே வேறு: இந்தத் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். 1952இல் 8 இடங்கள் பெற்ற அந்தக் கட்சி 1954இல் 12 பெற்றது. அதே 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்தப் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தாய்த் தமிழகத்தோடு இணைந்த பிறகு அந்தக் கட்சியினர் காங்கிரஸோடு கலந்தார்கள். காமராஜரே விருதுநகரில் தோற்ற 1967இல்கூட விளவங்கோடு காங்கிரஸிடம் நின்றதை இந்தப் பின்னணியில்லாமல் விளக்க முடியாது.

இனி கூட்டணிக் கணக்கு. நீங்கள் தயாரிக்கும் அட்டவணையில் வென்றவர், கட்சி, வித்தியாசம் ஆகியவற்றோடு 'மார்க்சிஸ்ட் யாருடன்' என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். 1977, 1980: அதிமுகவுடன், வெற்றி. 1984, 1989, 1991: திமுகவுடன், தோல்வி. 1996: மதிமுகவுடன், வெற்றி. 2001: அதிமுகவுடன், வெற்றி. 2006: திமுகவுடன், வெற்றி. 2011: அதிமுகவுடன், தோல்வி.

இதில் 1996தான் விசித்திரம். திமுக-தமாகா அணி 234இல் 221ஐ அள்ளிய அலை அது. மார்க்சிஸ்டுக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்த ஒரே இடம் விளவங்கோடு. அதே ஆண்டு இதே மாவட்டத்தின் பத்மநாபபுரத்தில் வேலாயுதன் ஜெயித்து, தமிழகத்தின் முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினர் ஆனார். மாநில அலை இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இந்த இரண்டு முடிவுகளே போதும்.

2001, 2006 வேறு மாதிரி. இரண்டு முறையும் காங்கிரஸும் மார்க்சிஸ்டும் ஒரே அணி. அதாவது உள்ளூரில் பரம்பரையாக மோதிக்கொள்பவர்கள் ஒரே பக்கம். கையில் இடம் வைத்திருந்த மார்க்சிஸ்டுக்கே தொகுதி போனது. உண்மையான போட்டி மேஜையில் பேச்சுவார்த்தையிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எனவே இந்த இரண்டு வெற்றிகளை மட்டும் வைத்து 'இடதுசாரிக் கோட்டை' என்று எழுதுவது மிகை. 1989இல் காங்கிரஸ் தனித்து நின்று மாநிலத்தில் 26 இடம் பெற்றபோது விளவங்கோடும் அதில் ஒன்று. காங்கிரஸின் பலத்தைக் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். பலரும் தவறாகப் படிப்பது 2011 முதல் 2024 வரையிலான நான்கு தேர்தல்களைத்தான்.

2011: காங்கிரஸ் 62,898, மார்க்சிஸ்ட் 39,109, மிக அருகில் மூன்றாவதாக பாஜக 37 ஆயிரத்துச் சொச்சம்.
2016: காங்கிரஸ் 68,789, பாஜக 35,646, மார்க்சிஸ்டும் அதிமுகவும் தனித்தனியாக ஆளுக்குச் சுமார் 25 ஆயிரம்.
2021: காங்கிரஸ் 87,473, பாஜக 58,804.
2024: காங்கிரஸ் 91,054, பாஜக 50,880. அதிமுக நாம் தமிழருக்கும் பின்னால் நான்காவது, ஆறாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

'2016இல் பாஜக இரண்டாமிடத்துக்கு வளர்ந்தது' என்பார்கள். வாக்கைப் பாருங்கள், 2011ஐவிடக் குறைவு. அதிமுகவும் மார்க்சிஸ்டும் பிரிந்து நின்றதால் இரண்டாமிடம் காலியானது, அவ்வளவுதான். 2021இல் 23 ஆயிரம் ஏறியதும் பெரும்பாலும் அதிமுக கூட்டணி வழியாக வந்த வாக்கு: 2016இல் இருவரும் தனித்தனியே வாங்கியதைக் கூட்டினால் சுமார் 60 ஆயிரம், 2021இல் சேர்ந்து வாங்கியது 58,804. மறுபக்கம் காங்கிரஸும் மார்க்சிஸ்டும் 2016இல் வாங்கியதைக் கூட்டினால் 94 ஆயிரத்தைத் தாண்டும். 2021இல் ஒரே அணியாக நின்று கிடைத்தது 87 ஆயிரம். கூட்டணி வைத்தால் வாக்கு அப்படியே வந்து சேர்ந்துவிடாது.

சுவாரசியமானது 2024. அதிமுக-பாஜக கூட்டணி முறிந்த பிறகு அதிமுக வாக்கு அதிமுகவுக்கே திரும்பியிருந்தால் பாஜக 35 ஆயிரம் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இரண்டின் கூட்டுத்தொகை 2016லிருந்து 2024 வரை சுமார் 56 முதல் 60 ஆயிரம் என்ற அளவிலேயே நின்றது, உள்ளே பங்கு மட்டும் மாறிவிட்டது. அதே நாளில் நாடாளுமன்ற ஓட்டும் இருந்ததால் அதன் இழுப்பு இதில் எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே இதை நிலையான மாற்றம் என்று எழுத நான் அவசரப்பட மாட்டேன்.

நீங்களே தொகுக்கப் போகிறீர்கள் என்றால் சில எச்சரிக்கைகள். 2008 மறுவரையறையில் திருவட்டாறு தொகுதி கலைக்கப்பட்டு, மாவட்டத்தின் ஏழு தொகுதிகள் ஆறாயின. அது சட்டமன்றத்துக்கு 2011இல்தான் முதலில் அமலானது. எனவே 2006க்கும்  2011க்கும் இடையே வாக்கு ஏறியது, இறங்கியது என்று கணக்குப் போடாதீர்கள். தொகுதியின் எல்லையே வேறு. அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு தடித்த கோடு இழுத்துவிடுங்கள். விளவங்கோடு தாலுகாவும் விளவங்கோடு தொகுதியும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். நாடாளுமன்றத் தொகுதிக்கு 2004 வரை நாகர்கோவில் என்று பெயர், 2009 முதல் கன்னியாகுமரி. பெயரை வைத்துத் தேடினால் பாதி வரலாறு விடுபடும்.

பொதுத்தேர்தல் புள்ளிவிவர அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது, 2024ஐத் தனியே எடுக்க வேண்டும். 2013க்குப் பிறகு நோட்டா வந்துவிட்டது. டெபாசிட்டுக்குத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போது அதைச் செல்லுபடியான வாக்கில் சேர்க்கக் கூடாது.

வாக்குச்சாவடி வாரியாக வேண்டுமென்றால் படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாள். தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் கிடைக்கும். 2024க்கு விளவங்கோட்டுக்கு இரண்டு படிவம் 20 உண்டு: ஒன்று நாடாளுமன்றத் தேர்தலுக்கான விளவங்கோடு பகுதி, மற்றொன்று இடைத்தேர்தல். வேட்பாளர் பெயரைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். காங்கிரஸின் நாடாளுமன்ற வேட்பாளர் விஜய் வசந்த் பெயர் இருந்தால் அது நாடாளுமன்றத் தாள். தபால் வாக்கு சாவடி வரிசைகளில் வராது, கடைசியில் தனி வரியாக இருக்கும். அதைக் கூட்டாமல் விட்டால் மொத்தம் இடிக்கும். இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது சாவடி எண்ணை நம்பாதீர்கள். பட்டியல் திருத்தத்தில் சாவடிகள் பிரியும், சேரும், எண் மாறும். பள்ளிக்கூடத்தின் பெயரையும் அதில் எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்பதையும் வைத்துப் பொருத்துங்கள். அருமனை, கடையால், களியக்காவிளை பக்கமெல்லாம் ஒரே பள்ளியில் மூன்று நான்கு சாவடிகள் இருந்தால், பள்ளி அளவில் கூட்டி ஒப்பிடுவதே பாதுகாப்பு.