தடுப்பாட்டக்காரர் ஒருவர் எப்படி அணியிலேயே அதிகப் புள்ளி எடுக்க முடியும்? (ஐஸ் ஹாக்கி வீரர் செர்கெய் சுபோவ், 1993-94)

கோலுக்கு மட்டும்தான் புள்ளி என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்குமுன் பக்கை (ரப்பர் வட்டு) கடத்தித் தந்த இருவர் வரைக்கும் ஆளுக்கொன்று. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக அந்தப் பருவத்தில் சுபோவ் எடுத்த 89 புள்ளிகளில் கோல் வெறும் 12, மீதி 77 கடத்தல்கள்.

எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது நீலக்கோட்டருகே (எதிரணியின் பகுதி தொடங்கும் கோடு) நின்று ஆட்டத்தை நடத்தியவர் அவர்தான். உடனே அடிக்கமாட்டார், தடுப்பவர் நகரும்வரை காத்திருப்பார். ஆபத்தான பழக்கம்தான். அங்கே பக் பறிபோனால் பின்னால் கோல்கீப்பர் மட்டுமே.

மாஸ்கோவின் சிஎஸ்கேஏ கிளப்பில் வளர்ந்தவர். 1992 ஒலிம்பிக் தங்கம், 1994இல் ரேஞ்சர்ஸுடனும் 1999இல் டல்லஸ் அணியுடனும் ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பை). சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி புகழ்மண்டபம் மட்டும் 2019 வரை காக்கவைத்தது.