போர்ஷே 944: பெட்ரோல் பம்ப் ரிலே என்றால் என்ன?
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, 944 கார் மட்டும் கிளம்பவில்லை என்றால் முதலில் பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பாருங்கள்; இன்ஜின் கணினியின் (டிஎம்இ) பெயரால் இதை டிஎம்இ ரிலே என்பார்கள். ரிலே என்பது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி மாதிரி, நாம் தொடுவது பச்சைப் பொத்தானை மட்டும்தான். இந்த ஒரே ரிலேதான் இன்ஜின் கணினிக்கும் பம்புக்கும் கரண்ட் தருகிறது, வருடக்கணக்கான சூட்டில் உள்ளே ஈயப்பற்று விரிசல் விடும், சில சமயம் இன்ஜின் சூடானால் மட்டும் படுத்தும்.

ரிலேயைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 30, 87பி என்று குறித்த முனைகளை ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். பம்ப் ஓடினால் சந்தேகம் ரிலே மேல், அப்புறம் இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல். ஓடாவிட்டால் பம்பின் ஃபியூஸ், எர்த், கடைசியாகத்தான் பம்ப்.

சாவியை ஆன் செய்தும் பம்ப் சத்தமில்லையே என்று பலர் புதுப் பம்பே வாங்கிவிடுகிறார்கள். இன்ஜின் சுற்றுவது கணினிக்குத் தெரிந்தால்தான் இந்தக் காரில் பம்ப் ஓடும்.