உளவியல் படிக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தேன். பி.எஸ்சி. உளவியலில் மூளை, நரம்பு எல்லாம் வருமாமே, பயாலஜி தெரியாமல் சமாளிக்க முடியுமா? (மாணவி, தேனி)

முடியும். பல கல்லூரிகளில் எந்தக் குரூப் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால், மூளை, நரம்பு பற்றிய அந்த ஒரு பேப்பரை எப்படியாவது தாண்டிவிட்டால் போதும் என்ற எண்ணத்தோடு மட்டும் வராதீர்கள். உளவியலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆய்வகத்தில் 'கண்ணாடி வரைதல்' என்று ஒரு சோதனை செய்வீர்கள். கையை மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் கை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். திரும்பத் திரும்பச் செய்தால் படிந்துவிடும்.

இதே சோதனையை ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்குக் கொடுத்தார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். 1953-ல் வலிப்பு நோய்க்காக மொலேசனுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, மூளையின் இரு பக்கமும், நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால், நட்சத்திரம் வரைவதில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை, கைக்கு மட்டும் பழகியிருந்தது! நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்பதற்கு இது பெரிய சான்றாயிற்று. இதைப் புரிந்துகொண்டு ரசிக்க ப்ளஸ் டூ பயாலஜி தேவையில்லை. நியூரான், சினாப்ஸ் போன்ற சொற்களெல்லாம் போகப்போகப் பழகிவிடும்.

கணக்கு எனக்கு வராது. புள்ளியியல் கட்டாயமா? (மாணவர், விருதுநகர்)

கட்டாயம். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-சோதனை இவைதான் அடிப்படை. கால்குலஸ் எல்லாம் கேட்க மாட்டார்கள். எதற்கு இது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். 2015-ல், வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவு வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாதவை. மறுபடி செய்தபோது தேறியது 36 சதவீதம்தான். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்க எண்கள் தெரியாமல் முடியாது.

வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்து, கிளினிக் வைக்க நினைக்கிறேன். சரியாக வருமா? (வாசகர், திருப்பூர்)

வராது. வருத்தமாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இப்போதும் யாராவது அட்மிஷன் தருகிறேன் என்று கூப்பிட்டால் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம், நேரடி வகுப்பில் படித்தாலும் எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி பெறும் இரண்டு வருட எம்.பில். தான் இதுவரை முக்கிய வழி. புதிய கல்விக் கொள்கையில் எம்.பில். பட்டம் கைவிடப்பட்டதால் இந்தப் படிப்புகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே எங்கே சேர்வதாக இருந்தாலும், அந்தப் படிப்பு அந்த வருடத்துக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி ஏஜென்ட் சொல்வதை நம்பி மூன்று லட்சம், நான்கு லட்சம் கட்டிவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோயாளிகளைப் பார்க்க விருப்பமில்லை. மூளை ஆராய்ச்சிதான் ஆசை. எங்கே போவது? (மாணவி, நாகர்கோவில்)

நல்ல ஆசை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் நரம்பு, அறிதிறன் அறிவியலுக்கென்றே (மூளையும் மனமும் எப்படி அறிகின்றன, நினைக்கின்றன என்று ஆராயும் துறை) எம்.எஸ்சி. இருக்கிறது. ஐ.ஐ.டி. காந்திநகரிலும் அறிதிறன் அறிவியலில் எம்.எஸ்சி. உண்டு. பிஎச்.டி.க்கு பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம்), ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்), ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024-ல் கருப்பருவ மனித மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்து, 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. இலவசமாகவே பார்க்கலாம், இன்றைக்கே பாருங்கள். இப்போதே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்குங்கள். மூளைத் தரவைக் கையாள அது கண்டிப்பாக உதவும்.

மனிதன் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறான் என்பது உண்மையா? (வாசகர், கரூர்)

இல்லை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு தீனி தேவைப்படாது.

என் தம்பிக்கு இரண்டு வருடமாக மனநிலை சரியில்லை. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான். வீட்டில் கோயில் குளம் என்று அலைகிறார்கள். நானே உளவியல் படித்து அவனைக் குணப்படுத்தலாம் என்றிருக்கிறேன். (மாணவி, பெயர் வேண்டாம்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உளவியல் படியுங்கள், நல்ல மாணவியாக வருவீர்கள். ஆனால், தம்பியின் சிகிச்சை உங்கள் படிப்புக்காகக் காத்திருக்கக்கூடாது. நீங்கள் தகுதி பெற ஏழெட்டு வருடமாவது ஆகும். அப்போதும் சொந்தத் தம்பிக்கு நீங்கள் சிகிச்சை தர முடியாது; எங்கள் தொழில் நெறி அதற்கு இடம் கொடுக்காது. தவிர, நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிக்கு மருந்து தேவைப்படலாம். அதை மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்கும். கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்; போகட்டும், மருத்துவரிடமும் போகட்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். அதற்கு முன்னால், இதைப் படித்த கையோடு 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.