கரோல் பாக் டிசையர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். அக்னிவீராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பயிற்சி முடிந்து முதல் போஸ்டிங் டெல்லி கன்டோன்மென்ட். கைக்கு 21,000 வருகிறது. சாப்பாடும் படுக்கையும் யூனிட்டில் என்பதால் 70,000 சேர்த்திருக்கிறேன். கார் வாங்க ஆசை. கரோல் பாக்கில் ஒரு டீலர் 2016 நவம்பரில் பதிவான டிசையர் டீசலை 2.4 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். பாக்கி 1.7 லட்சத்துக்கு அவரே ஃபைனான்ஸ் பார்த்துத் தருவாராம்: 9 சதவீதம் ஃபிளாட், மூன்று வருஷம், மாதம் 6,000. ஒரு ஷோரூம்காரர் "ஃபவுஜிக்கு, அதாவது ராணுவக்காரருக்கு, தனி ஸ்கீம்" என்று 5 லட்சம் கடன், ஏழு வருஷத் தவணை என்கிறார். எங்கள் ஹவில்தார் ராணுவக் கேன்டீனில் வாங்கச் சொல்கிறார். எது சரி? லீவில் காரிலேயே ஊருக்கு வந்தால் டோல் கட்ட வேண்டுமா?

முத்துக்குமார்

அன்புள்ள முத்துக்குமார்,

ஷோரூம்காரரின் ஏழு வருஷக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றில் அதுதான் உங்களை ஆழமாக இழுத்துவிடும். உங்கள் சர்வீஸ் நான்கு வருஷம். அதில் எட்டு மாதம் போயிற்று, மிச்சம் 40 மாதம். 5 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் 84 மாதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 8,170. நீங்கள் 40 தவணையையும் ஒருநாள் தவறாமல் கட்டி, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வரும் அன்று கொடுத்திருப்பது 3.27 லட்சம். அன்றைக்கும் அசல் பாக்கி 3 லட்சத்துக்குச் சற்று மேலே நிற்கும். முதல் தவணைகளில் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போய்விடும். அசல் மெல்லத்தான் கரையும்.

"சேவா நிதி வருமே, அதில் அடைத்துவிடலாம்" என்பார் ஷோரூம்காரர். நான்கு வருஷ முடிவில் கைக்கு வரும் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? முதல் வருஷம் உங்கள் 30,000 சம்பளத்தில் மாதம் 9,000 பிடிக்கிறார்கள், அரசு அதே அளவு போடுகிறது. நான்கு வருஷத்தில் வட்டி சேராமல் 10.04 லட்சம். நான்கில் ஒருவருக்குத்தான் படையில் தொடர வாய்ப்பு. மற்ற மூவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை, படிப்புக்கோ கடைக்கோ போட, கையில் இருப்பது அந்தத் தொகை ஒன்றுதான். அதில் மூன்று லட்சத்தை, அதற்குள் விலை பாதியாகிவிட்ட காருக்குத் தூக்கிக் கொடுப்பதா? எந்த வாகனக் கடனையும் 24 மாதத்தில், மிஞ்சிப்போனால் 30 மாதத்தில் முடியும்படி வாங்குங்கள். அந்தக் கால அளவில் தவணை தாங்கவில்லை என்றால் அந்தக் கார் உங்களுக்கானது அல்ல.

கரோல் பாக்காரரின் "9 சதவீதம்" வேறு ரகம். ஃபிளாட் என்றால் நீங்கள் அடைக்க அடைக்கக் குறையாத வட்டி. கடைசி மாதத்திலும் முழு 1.7 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். மூன்று வருஷத்தில் வட்டி 45,900. இதே 9 சதவீதத்தைக் குறையும் நிலுவையில் போடும் வங்கியில் வட்டி 25,000க்கும் கீழே. வங்கிக் கணக்கில் பார்த்தால் டீலர் சொல்வது 16 சதவீதத்துக்கும் மேல். ஜாமீன் கையெழுத்துக்குப் பக்கத்துக் கட்டில் நண்பரைக் கூப்பிடச் சொல்வார்கள். நீங்களும் யாருக்கும் போடாதீர்கள். ஒரு தவணை திரும்பினாலும் இருவரின் கடன் மதிப்பெண்ணான சிபிலிலும் கறை படியும்.

இனி அந்த டிசையர். 2.4 லட்சத்துக்கு அந்த வண்டி மலிவுதான். ஏன் மலிவு என்பதே கேள்வி. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசலும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் பிஎஸ்-3க்கும் (பிஎஸ் என்பது புகை மாசுத் தரம், எண் கூடக் கூடப் புதியது) அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று திருத்தியது. உங்கள் டிசையர் பிஎஸ்-4, அதனால் இப்போதைக்குத் தப்பிக்கிறது. ஆனால் தீர்ப்புக்குத் தீர்ப்பு தலையெழுத்து மாறும் வண்டியில், 21,000 சம்பளக்காரர் சேமிப்பு முழுவதையும் போடக் கூடாது. போதாததற்குக் குளிர்காலம் வேறு இருக்கிறது. காற்று கெட்டு, கிராப் எனப்படும் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் வந்துவிட்டால் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்கள் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காஜியாபாத், நொய்டா பக்கமும் இறங்கக் கூடாது. மாட்டினால் 20,000 ரூபாய். உங்கள் ஒரு மாதச் சம்பளம்.

"ஊருக்குக் கொண்டுபோய் ஓட்டிக்கலாம், அங்கே 15 வருஷம்" என்று டீலர் சொல்லியிருப்பார். செய்யலாம்தான். டெல்லி ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று, அதற்குச் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரதி, பாக்கி சலான் எல்லாம் கட்டிய ரசீது. பிறகு வேலூரில் புது எண்ணுக்குப் படிவம் 27. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்து விகிதம் குறையும். ஆனால் வரி போடுவது நீங்கள் கொடுத்த 2.4 லட்சத்துக்கு அல்ல, வண்டி புதிதாக இருந்தபோதைய விலைக்கு. டெல்லியில் ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதை விற்றவர் பெயரில் திரும்பக் கேட்கலாம். அந்த ஆள் அன்றைக்குக் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் கரோல் பாக் மலிவு வேலூரில் கரைந்துவிடும். அந்த டீசலை விட்டுவிடுங்கள்.

ஒரு வருஷம் பொறுங்கள் என்பதே என் யோசனை. அடுத்த வருஷம் கைக்கு 23,100 வரும். மாதம் 12,000 ஒதுக்கினால், இருக்கும் 70,000த்தோடு பன்னிரண்டு மாதத்தில் கையில் 2.14 லட்சம். அதில் 40,000 தனியே வைத்துவிட்டு, மிச்சத்தோடு சிறு கடன் சேர்த்து, ஆறேழு வருஷமான சின்னப் பெட்ரோல் கார் ஒன்றை, உரிமையாளர் கையிலிருந்தே, முதல் கைமாற்றத்திலேயே வாங்கப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது பிஎஸ்-6 ஆகவே இருக்கும். கிடைத்தால் அதுவே நல்லது. 40,000 எதற்கு என்றால், வாங்கிய மாதமே ஆயில், ஃபில்டர், கூலன்ட், பேட்டரி, பிரேக் பேட், இரண்டு டயர் என்று கேட்காத பழைய கார் கிடையாது.

வண்டி பார்க்கப் போவது காலையில், குளிர்ந்த எஞ்சினில். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிரில் செல்ஃப் எத்தனை சுற்று சுற்றுகிறது, முதல் அரை நிமிஷம் சைலன்சரில் என்ன புகை என்று பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் இலேசாகக் காற்று வரும், அது இயல்பு. புஸ்புஸ்ஸென்று புகை அடித்தால் பிஸ்டன் ரிங் போயிற்று. மூடியின் அடியில் பால்கோவா மாதிரி வெளுத்த பசை இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை விலை குறைத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்தது பானெட், ஃபெண்டர் போல்ட்டுகள். தொழிற்சாலைப் பெயின்ட் போல்ட் தலையில் உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியது குற்றமல்ல, ஃபெண்டர் மாற்றுவது சாதாரணம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏப்ரன் என்னும் உள் தகட்டில் வெல்டிங் புள்ளிகள் இடது வலது ஒரே ஒழுங்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டி போட்டு வழவழவென்றிருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்ட வண்டி. வீல் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

மீட்டரைச் சுற்றிக் குறைப்பது கரோல் பாக்கில் மட்டுமல்ல, எங்கும் நடக்கிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. மீட்டர் 30,000 காட்டுகிறது, டயர் நான்கும் வண்டியைவிட மூன்று வயது இளையவை என்றால் கணக்கு உதைக்கிறது. முதல் செட் டயர் பொதுவாக 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். கிளச் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் வெளி ஓரமும் மீட்டரைப்போலப் பொய் சொல்லாது. பதிவு எண்ணை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்ற பழைய பதிவு இருக்கும். உரிமையாளரையே கூட அழைத்துப்போய்க் கேளுங்கள்.

டெல்லி வண்டியில் தண்ணீர் புகுந்ததா என்று பார்க்காமல் வரக்கூடாது. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டர் குறியைத் தொட்டது. அது இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மழைக்கும் சுரங்கப்பாதைகள் நிரம்பும் ஊர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் பெல்ட்டைத்தான் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே நிற்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிப் பள்ளத்தில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கிளச்சுக்கு எளிய சோதனை உண்டு. முன்னால் காலி இடம் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஒரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். இதற்குமேல் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் காசு கொடுத்து அழைத்துப்போங்கள். டீலர் "நம்ம ஆள்" என்று காட்டுகிறவர் வேண்டாம்.

காகிதங்களில் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு உண்டா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று பாருங்கள். பாக்கி சலானைத் தனியே பாருங்கள், டெல்லி கேமராக்கள் நிறைய எழுதிவைத்திருக்கும். கடன் இருந்தால், கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வங்கியின் கடிதமும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போட்டே கையெழுத்து வாங்குங்கள். டீலரிடம் வாங்குவதானால், 2023 ஏப்ரல் முதல் அவருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். பணம் ஆர்.சி.யில் உள்ள பெயருக்கு வங்கி வழியாக. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்குக் காசு வராது. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், ஆகவே பிரீமியம் சற்று ஏறும். பாலிசி உங்கள் பெயருக்கு வந்தபிறகும் சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆர்மி லாரி ஓட்டும் நண்பராக இருந்தாலும் சிவில் லைசென்ஸ் இல்லாமல் உங்கள் காரை ஓட்டி இடித்தால் கிளெய்ம் நிற்காது.

ஹவில்தார் சொன்ன கேன்டீன் வழி புதுக் காருக்கானது. கார் போன்றவற்றுக்கான ஏ.எஃப்.டி. போர்ட்டலில் பதிவு, டீலர் கொடுக்கும் கையிருப்புச் சான்று, பணம் நேரே கேன்டீன் துறையான சி.எஸ்.டி.க்கு. லாபம் என்பது ஜி.எஸ்.டி.யில் பாதி மட்டும் கட்டுவது. ஆனால் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனதால் அந்த லாபமும் சுருங்கியிருக்கிறது. ரேங்குக்கு ஏற்ற விலை வரம்பும் எத்தனை முறை வாங்கலாம் என்ற கணக்கும் உண்டு. யூனிட் கேன்டீனில் நடப்பு உத்தரவைக் கேட்டு, அக்னிவீர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். புதுக் கார் என்றால் நாடு முழுவதும் செல்லும் பி.எச். பதிவு எண் வாங்கலாம்: 2021இல் வந்தது, பாதுகாப்புப் படையினருக்கு உண்டு, சாலை வரியை இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம், மாநிலம் மாறினால் மறுபதிவு வேண்டாம். சாதாரண எண்ணில் 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் எண்ணை மாற்றியாக வேண்டும்.

எதை வாங்குவதற்கும் முன்னால் சுபேதார் மேஜரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: யூனிட்டுக்குள் நிறுத்த எனக்குப் பாஸ் கிடைக்குமா? கிடைக்காது என்றால் வெளியே மாத வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும், அது இன்னொரு தவணை.

டோல் கட்ட வேண்டும். விலக்கு பணியில் செல்லும்போதுதான். லீவில் சொந்த வண்டியில் அடையாள அட்டையைக் காட்டி வாதாட முடியாது. டெல்லியிலிருந்து வேலூர் 2,000 கிலோமீட்டருக்கு மேல், டோலும் பெட்ரோலும் சேர்த்தால் ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. ரயிலில் ஊருக்கு வருவதற்காக வண்டியை யூனிட்டில் விட்டுப்போகும் 30 நாளுக்கு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பின்சக்கர டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள்.