செனகல் ஆற்றுக் கூட்டாளிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்பு என்றாலே கூடிப் பேசிக் கலைவதுதானே? உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், ஐயா.

அப்படிக் கலைந்தவை உண்டு. செனகல் ஆற்றின் கதை வேறு. கினியாவின் ஃபூத்தா ஜலோன் மலையில் பிறந்து, மாலி வழியே இறங்கி, மொரிட்டானியாவுக்கும் செனகலுக்கும் எல்லையாக ஓடிக் கடலில் சேரும் ஆறு அது. மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972-இல் அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் ஓ.எம்.வி.எஸ்.

கேள்வி: ஆறு பிறக்கிற கினியா எங்கே போயிற்று?

கோபித்துக்கொண்டு போயிற்று! 1968-இல் நான்கு நாடுகளும் சேர்ந்துதான் ஓர் அமைப்பை வைத்திருந்தன. 1970-இல் போர்ச்சுகீசியப் படை கினியாவின் தலைநகர் கொனாக்ரியைத் தாக்கியது. தன் எதிரிகளுக்கு செனகல் இடம் கொடுக்கிறது என்று கினியாவின் அதிபர் செக்கு தூரே குற்றம் சாட்டினார். அதோடு முறிந்தது. கினியா மறுபடி சேர்ந்தது 2006-இல்.

கேள்வி: இந்த அமைப்பு கட்டிய மனந்தாலி அணை மாலி மண்ணில், மின்சாரம் மூவருக்கு. நாளைக்கு மாலி மதகை மூடினால்?

நல்ல கேள்வி. இந்த ஏற்பாட்டின் உயிரே அங்குதான் இருக்கிறது. 1978 ஒப்பந்தப்படி, எவர் மண்ணில் நின்றாலும் அணை எல்லோருக்கும் பொதுச் சொத்து; பிரித்தெடுக்க முடியாது. கடனும் கூட்டுப் பொறுப்பு. பாஃபிங் கிளையாற்றில் 1988-இல் முடிந்த மனந்தாலி அணையின் மின்நிலையம் 200 மெகாவாட். அதில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15. தண்ணீரைத் துண்டு போடாமல் அதனால் வரும் பலனைப் பங்கிட்டார்கள். மின்சாரம் வந்ததென்னவோ 2001-இல்தான்.

கேள்வி: 1989-இல் செனகலும் மொரிட்டானியாவும் அடித்துக்கொண்டனவே?

ஆம். ஆற்றங்கரையில் மேய்ச்சலை ஒட்டி எழுந்த தகராறு இரு தலைநகரங்களான டக்கார், நுவாக்ஷோட் தெருக்களில் கொலையாக மாறியது. பல்லாயிரம் பேர் துரத்தப்பட்டார்கள். தூதரக உறவு 1992 வரை இல்லை. அமைப்பு மட்டும் கலையவில்லை. ஆனால் அதை மெச்சுமுன் ஒன்று: அணை வரப்போகிறது என்றதும் கரை நிலத்தின் மதிப்பு ஏறியதே, அந்தச் சண்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கரையோரத்து மக்களுக்கு என்ன கிடைத்தது?

முகத்துவாரத்துக்கு அருகே 1986-இல் டியாமா அணை வந்தது. அதற்கு முன் கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறிவிடும். அது நின்றதும் கோடையிலும் நெல் விளைந்தது. கூடவே உப்பற்ற தேங்கிய நீரில் சம்பங்கோரை மண்டி, மீனவர்களின் படகுத்துறைகளை அடைத்தது. செனகலின் ரிஷார் தோல் ஊரில் பில்ஹார்சியா என்ற புழுநோய் பரவியது. அந்நோயின் புழு நத்தையில் வளர்வது. நத்தையைத் தின்னும் ஆற்று இறால் குஞ்சு பொரிக்க உவர்நீருக்குப் போக வேண்டும். அணை வழியை மறித்துவிட்டது. மூன்று அரசுகள் கூடிப் போட்ட கணக்கில் இறால் விட்டுப்போயிற்று. பிறகு ஆய்வாளர்கள் ஒரு கிராமத்துத் துறையில் இறாலை விட்டுப் பார்த்தார்கள். அங்கே நோய்க்கிருமி தாங்கிய நத்தைகள் குறைந்தன.